சிவக்கும் பனி

வெண்மைக்குப் பாலை உவமை கூறுவது நம் வழக்கு. குளிர்தேசத்தாருக்கோ உறைபனியே உவமை. அந்தப் பனியே இரத்தம் தோய்ந்தாற்போலச் சிவந்து கிடக்குமாயின், காண்போர் திகைப்பது இயல்பேயன்றோ?

1818-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், வடதுருவத்தை ஒட்டிய கடல்வழியைத் தேடிச் சென்ற பிரிட்டிஷ் கப்பல் தலைவர் ஜான் ராஸ், கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையில் இக்காட்சியைக் கண்டார். அச்சிவந்த பனியிற் சிறிது இங்கிலாந்து சேர்ந்தது. ஆகாயத்திலிருந்து விழுந்த இரும்பே காரணமென்று லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை ஊகித்தது. காளான் இனமென்றார் பிரான்ஸ் பௌயர். பாசியே என்றார் ராபர்ட் பிரௌன். பிரௌன் கூற்றே மெய்யென்று நிலைபெற்றது.

கண்ணுக்குத் தோன்றாத ஓரணு உயிர் இது. இதில் இனங்கள் பல. செம்பனிக்கும் ஆரஞ்சு நிறப் பனிக்கும் காரணமான இரண்டு இனங்களுக்கு 2019-ல் 'ஸாங்குயினா' என்னும் புதிய பேரினப் பெயர் வழங்கப்பட்டது. பனியைப் பச்சையாக்கும் இனங்களும் உண்டு; பனியாற்றின் கட்டியைக் கருஞ்சிவப்பாக்கும் இனமும் உண்டு.

பனி உருகி நீர் கசியத் தொடங்கியதும், இவற்றுட் பல இனங்களின் பச்சை அணுக்கள் இரண்டு நுண்ணிய இழைகளைத் துடுப்பாகக் கொண்டு மேல்நோக்கி நீந்துகின்றன. பின்னர்த் தடித்த ஓடு பூண்டு, 'அஸ்டாக்ஸாந்தின்' என்னும் செஞ்சாயத்தைச் சேர்த்துக் கொள்கின்றன. கொடிய வெயிலுக்கு அது குடை. அது கவரும் வெப்பமோ அருகிலுள்ள பனியை உருக்கிக் குடிநீராக்குகிறது.

இங்கேதான் கவலைக்கு இடமிருக்கிறது. தூய புதுப்பனி தன்மேல் விழும் ஒளியிற் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். சிவந்த பனி அதை உட்கொள்ளும். ஒரே உருகு பருவத்தில், பனியின் இந்தத் திருப்பும் சக்தியைச் செம்பாசி 13 சதவிகிதம் வரை குறைக்கக்கூடுமென, ஆர்க்டிக் பிரதேச ஆராய்ச்சியொன்று 2016-ல் தெரிவித்தது. உருகினால் பாசி பெருகும். பாசி பெருகினால் மேலும் உருகும்.

ஆயினும் பாசியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் நியாயமன்று. அது எத்தனையோ யுகங்களாகத் தன் அளவறிந்து வாழ்ந்த உயிர். நிலக்கரியையும் எண்ணெயையும் அளவின்றி எரித்து உலகைச் சூடேற்றி, பனி உருகும் காலத்தை நீட்டிக் கொடுத்தவன் மனிதன். பனி முற்றும் மறையுமானால் பாசிக்கும் வீடில்லை. சிவந்த பனி நமக்குக் காட்டுவது பாசியின் பிழையையன்று, நம்முடையதை.