புதிய மீனுக்குத் தனித்தொட்டி

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பர் பெரியோர். அதன் உண்மையை எங்களுக்கு உணர்த்தியவை, எங்கள் வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் இருந்த ஆறு மீன்களே.

சென்ற ஆண்டு, விழுப்புரத்திலிருந்து ரயிலில் வரும் தோழி ஒருத்தி, அங்கே வாங்கிய மூன்று கப்பி மீன்களைப் பாலித்தீன் பையில் பத்திரமாகத் திண்டிவனத்திற்குக் கொண்டு வந்தாள். ஆவல் மிகுதியால் அன்றே அவற்றைத் தொட்டியில் விட்டோம். ஐந்தாம் நாள், மீன்களின் மேல் உப்புத்தூளைத் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றின. இரண்டு வாரத்திற்குள் எங்கள் பழைய மீன்கள் ஆறில் நான்கு மாண்டன. நாங்கள் மிகவும் நேசித்த கறுப்பு மாலியும் அவற்றுள் ஒன்று. வாங்கும்போது நன்றாகத்தானே இருந்தன? பின் நோய் எப்படி வந்தது? எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்.

மறைந்திருக்கும் பகை

வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளர்கிறது. முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் தங்குகிறது. அங்கே உறைக்குள் பல நூறாகப் பிரிகிறது. வெளிவரும் குஞ்சுகள் நீந்தி வேறு மீனைத் தேடுகின்றன. இரண்டொரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும். இவ்வாறு நீந்தும் பருவத்தில் மட்டுமே மருந்து அதைக் கொல்லும். ஆகவே புள்ளி மறைந்துவிட்டது என்று மருந்தை உடனே நிறுத்தலாகாது.

நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். குளிர்ந்த நீரில் அதிக நாளாகும். ஆதலின் புதிய மீனை மூன்று அல்லது நான்கு வாரம் தனியே வைத்துக் கவனித்தால், ஒளிந்திருக்கும் நோய் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

பழைய வழக்கமே

இது மனிதருக்கும் செய்த ஏற்பாடுதான். கொள்ளைநோய்க் காலத்தில், 1377ஆம் ஆண்டு, ரகூசா என்ற துறைமுக நகர் அயலூரிலிருந்து வந்தோரை முப்பது நாள் ஒதுக்கி வைத்தது. பின்னர் வெனிஸ் நகரில் அது நாற்பது நாளாயிற்று. 'குவாரண்டைன்' என்ற சொல்லே நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது.

இன்று சென்னை நீலாங்கரையில், வெளிநாட்டிலிருந்து வரும் வனாமி தாய் இறால்களைத் தனியே வைத்துச் சோதிக்கும் நிலையம் 2009 முதல் இயங்குகிறது. சோதனையில் தேறிய பின்னரே அவை குஞ்சு பொரிப்பகங்களுக்குச் செல்லும். நம் மரக்காணம் கடற்கரையிலும் அத்தகைய பொரிப்பகங்கள் உண்டு.

வீட்டில் செய்வது எப்படி?

இருபது லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி போதும். சோப்பு படாததாக இருத்தல் வேண்டும். அடியில் மணல் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போடலாம். பஞ்சு வடிகட்டியைச் சில வாரம் முன்பே பழைய தொட்டியில் இயங்கவிட்டு எடுத்து வைத்தால், கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் அதில் குடியேறியிருக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்றவும்.

பையைக் கட்டு அவிழ்க்காமல் பதினைந்து நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுக. பின் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பைத் தண்ணீர் தொட்டியில் சேரக்கூடாது.

இரண்டு தொட்டிக்கும் தனித்தனி வலை, தனித்தனிக் குவளை வேண்டும். முதலில் பழைய மீன்களுக்கு இரை போட்டுவிட்டு, கடைசியில் புதியவற்றிடம் செல்க. பிறகு கைகளைக் கழுவுக. இரண்டு நாளுக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுக. இறந்த மீனை ஏரியிலோ கால்வாயிலோ எறியாமல் புதைத்துவிடுக.

இவ்வாண்டு வந்த நான்கு மீன்களை இம்முறையிலேயே வைத்தோம். ஆறாம் நாள் ஒன்றில் வெண்புள்ளி கண்டது! கடையில் வாங்கிய மருந்தை, குறித்த அளவில், அச்சிறு தொட்டியில் மட்டும் இட்டோம். நாட்களை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணினோம். ஒரு மீனை இழந்தோம், மூன்று பிழைத்தன. பெரிய தொட்டியில் எஞ்சியிருந்த இரண்டிற்கும் ஒரு தீங்கும் நேரவில்லை.

இப்போது ஐந்தும் ஒன்றாய் நீந்துகின்றன. பொறுமையோடு காத்திருந்த அந்த நாட்கள் வீணாகவில்லை. வீட்டில் மீன் வளர்க்கும் தங்கையரே, ஆவலைச் சற்றே அடக்குங்கள். முதலில் ஒரு சிறு தொட்டியைத் தயார் செய்யுங்கள். பிறகு கடைக்குச் செல்லுங்கள்.