சிகாகோவில் ஒரு வங்காளப் பொறியறிஞர்

அமெரிக்க வாழ்வுக்கு முஸ்லிம்கள் அளித்த கொடைகளுள் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணிற்படுவது சிகாகோ நகரில் நிற்கிறது. அதனை எழுப்பத் துணைநின்ற பஸ்லுர் ரஹ்மான் கான் 1929இல் டாக்காவில் பிறந்தவர். கல்கத்தாவையடுத்த ஷிப்பூரில் பொறியியல் பயின்று, டாக்காவில் பட்டம் பெற்று, 1952இல் உதவிச் சம்பளத்தோடு இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றவர்.

உயர்ந்த மாளிகைக்குப் பெரும்பகை காற்று. பழைய முறையில் தூண்கள் உள்ளெங்கும் பரவி நின்றன. உயரம் ஏற ஏற, காற்றைத் தாங்குவதற்கென்றே எஃகு மிகுதியாகச் செலவாயிற்று. கான் கண்ட வழியை விளக்க நமக்கு ஒரு மூங்கில் போதும். உள்ளே வெறுவெளி, வலிமையெல்லாம் புறச்சுவரில். நடுவினின்று விலகி நிற்கும் பொருளே வளைவை நன்கு எதிர்க்கும். ஆகவே தூண்களைப் புறத்தே நெருக்கமாக நிறுத்தி, உத்தரங்களால் இறுகப் பிணைத்தார். கட்டடமே ஒரு குழாயாயிற்று!

ஜான் ஹான்காக் மாளிகையின் 100 மாடிகளுக்கு முகப்பிலேயே குறுக்குச் சட்டங்கள் இட்டார். அடுத்து, கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து உருவாக்கிய சியர்ஸ் கோபுரத்தில் ஒன்பது குழாய்களை ஒரு கட்டாக்கினார். இன்று வில்லிஸ் கோபுரம் எனப்படும் அதன் உயரம் 1,450 அடி. இருபதாண்டுகளுக்கு மேல் அதனை விஞ்சிய மாளிகை உலகில் இல்லை.

கணக்கோடு மட்டும் வாழ்ந்தவரல்லர் இவர். 1971இல் கிழக்கு வங்காளத்தில் போர் மூண்டபோது, அமெரிக்காவில் வாழ்ந்த வங்காளிகளைத் திரட்டித் துயர்துடைப்புக்கு உழைத்தார். 1982இல் ஜெட்டாவில் காலமான அவரைச் சிகாகோ நகரிலேயே அடக்கம் செய்தனர்.