பின்கண்ணாடிக்குக் கூலிங் பேப்பர்: ஹீட் கன்னை எடுக்கும் முன் கேளுங்கள்

பழைய கார் ஒன்றை வாங்கிய கையோடு, அதில் ஊதா நிறமாக வெளிறிப்போயிருந்த கூலிங் பேப்பரை உரித்துப் புதிது ஒட்டக் கொடுத்தேன். மாலையே வண்டி பளபளவென்று வந்துவிட்டது. மார்கழியில் ஊட்டிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. டிஃபாகரைப் போட்டால் பின்கண்ணாடியில் நாலு கோடுகளை ஒட்டி மட்டும் பனி விலகியது. மற்ற இடமெல்லாம் மங்கலாகவே கிடந்தது. பழைய பசையைப் பிளேடால் சுரண்டியவர், கண்ணாடியின் உட்புறம் அச்சிட்டிருந்த சூடேற்றும் கோடுகளையும் சேர்த்து அறுத்திருந்தார். என்னிடம் பில் இல்லை.

பக்கக் கண்ணாடிக்கு ஒட்டுவது ஓரளவு கை பழகினால் வந்துவிடும். பின்கண்ணாடி பல கார்களில் மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக ஒரே நேரத்தில் வளைந்திருக்கிறது. தேங்காயின் மேல் தாளைச் சுற்றினால் விழுமே, அதுபோல விளிம்பெல்லாம் மடிப்பு விழும். அதனால் பிலிமை முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்து, மடிப்புகளை மேல், கீழ் ஓரங்களுக்குத் தள்ளி, ஹீட் கன்னால் சுருக்கி, கண்ணாடியின் உருவத்துக்குக் கொண்டுவந்த பிறகே உள்ளே ஒட்டுகிறார்கள். பிலிம், ரோல் ஓடும் நீளவாக்கில்தான் நன்றாகச் சுருங்கும். திசை மாற்றி விரித்தால் மடிப்பு அடங்காது. அவசரக்காரர்கள் அப்போது துண்டு துண்டாக நறுக்கி ஒட்டிவிடுவார்கள். எனவே, ‘ஒரே ஷீட்டா, துண்டா?’ என்று முன்பே கேட்டுவிடுங்கள். பின்கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. ஓரத்தில் கீறல் இருந்து, ஒரே இடத்தில் சூட்டை நிறுத்திவைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிரலாம். உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது சட்டம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பின்னர் மத்திய மோட்டார் வாகன விதி 100 திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல், தர நிர்ணயத்துக்கு உட்பட்ட பிளாஸ்டிக் பிலிம் பதித்த கண்ணாடிக்கு இடம் கிடைத்தது. அதை வைத்து 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்குள் இருக்கும் பிலிமுக்கு அபராதம் போட முடியாது என்றது. தமிழ்நாட்டுச் சாலையில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடலாம். ஆனால் இங்கே அது கட்டாயமாகச் செல்லும் என்று நம்பிவிடாதீர்கள். அந்த அளவு இதுதான்: முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ‘70 சதவீத பிலிம் சார், பிரச்சினையே வராது’ என்பார் கடைக்காரர். கண்ணாடி தானே 80 சதவீதம்தான் விடுகிறது என்றால், அதன் மேல் 70 சதவீத பிலிமை ஒட்டியதும் மிஞ்சுவது 56. பின்கண்ணாடியில் அது விதிமீறல். ஒட்டிய பிறகு மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவின்படி முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். கட்டுவது நீங்கள்தான், ஒட்டியவர் அல்ல.

வேலை கெட்டுப்போனால், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போனால் போதும். ஆனால் கையில் பில் வேண்டும். அதில் பிலிமின் பெயரும் வெளிச்ச அளவும் இருக்க வேண்டும். வண்டியை விடும்போதே டிஃபாகரைப் போட்டு, அது வேலை செய்வதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்த பிறகு சில நாள் பொறுங்கள். ஈரம் காயும் முன் டிஃபாகரைப் போடக் கூடாது. நீர்க்குமிழிகள் தானாக அடங்கிவிடும், மடிப்புகள் அடங்காது.

கோடு ஓரிரு இடத்தில் மட்டும் அறுந்திருந்தால் கண்ணாடியையே மாற்றத் தேவையில்லை. மின்சாரம் கடத்தும் பெயின்ட்டைத் தடவி இணைக்கலாம். அந்தச் செலவைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.