குழுவில் சேர்த்தாயிற்று, கோப்பு ஏன் திறக்கவில்லை?

லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பழகிப்போன புகார் ஒன்று உண்டு: "என்னைக் குழுவில் சேர்த்துவிட்டதாகச் சொன்னீர்களே, இன்னமும் 'பெர்மிஷன் டினைடு' என்றுதானே வருகிறது?" நிர்வாகி குழுப் பட்டியலைப் பார்க்கிறார், பெயர் இருக்கிறது. கோப்பைப் பார்க்கிறார், குழுவுக்கு அனுமதியும் இருக்கிறது. பிறகு என்ன தடை?

கோப்பைத் திறக்கக் கேட்பது புகார் சொன்னவரல்ல, அவர் பெயரில் ஓடும் புரோகிராம். யுனிக்ஸ் வகைக் கணினியில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பயனர் எண்ணையும் சில குழு எண்களையும் சுமந்து திரிகிறது. லாகின் செய்யும்போது பட்டியலைப் பார்த்து அவை ஒட்டப்படுகின்றன. அதன்பின் லாகினில் திறக்கும் ஷெல்லிலிருந்து பிறப்பதெல்லாம் அதே எண்களோடுதான் பிறக்கும். கெர்னல் அந்த எண்களை மட்டும் பார்க்கும். பட்டியல் பக்கமே போகாது. காலையில் லாகின் செய்தவரை மதியம் குழுவில் சேர்த்தால், அவருடைய ஷெல்லுக்கு அந்தச் சேதி எட்டுவதில்லை.

'ஐடி' கட்டளை இதை அம்பலமாக்கிவிடும். பயனர் பெயரோடு கொடுத்தால் பட்டியலைப் படித்துச் சொல்லும். பெயரில்லாமல் கொடுத்தால் ஷெல் சுமக்கும் எண்களைச் சொல்லும். இரண்டும் வேறுபட்டால் கோளாறு பிடிபட்டது. முழுதாக வெளியேறி மறுபடி லாகின் செய்தால் தீர்ந்துவிடும். அவசரமென்றால் 'நியூகுரூப்' இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரே குழு என்றிருந்த பழைய யுனிக்ஸில் குழு மாறுவதற்கென்று வந்த கட்டளை அது. ஒரே சமயத்தில் பல குழுக்களில் இருக்கும் வசதியை 1983-ல் வெளியான பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி கொண்டுவந்தது. பொறுமையிழந்து, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐப் போடுகிறவர்களும் உண்டு. வேலை நடக்கும்தான், ஆனால் அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு விசித்திரம். உங்கள் கோப்புக்கு 044 என்று அனுமதி வைத்துப் பாருங்கள்: ஊரே படிக்கலாம், உரிமையாளரான நீங்கள் படிக்க முடியாது. நீங்கள் உரிமையாளர் என்று கண்டதுமே கெர்னல் உரிமையாளருக்கான முதல் இலக்கத்தோடு நின்றுவிடுகிறது. குழுவுக்கும் மற்றவர்களுக்குமான மற்ற இரண்டில் என்ன தாராளம் இருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. ரூட் பயனருக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கோப்பிலும் உரிமையாளரின் பெயர் பதிவாவதில்லை, எண்தான். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கிவிட்டு, அதே எண்ணைப் புதியவருக்குக் கொடுத்தால், மிச்சமிருக்கும் பழைய கோப்புகளெல்லாம் புதியவருடையவை ஆகிவிடும். எண்ணைக் கைமாற்றும் முன்பே, 'ஃபைண்ட்' கட்டளையை 'நோயூசர்' என்ற தேர்வோடு ஓட்டி, ஆளில்லாமல் கிடக்கும் கோப்புகளைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.