பூ முடிந்ததும் பிடுங்கி எறியாதீர்கள்!

குங்குமப்பூவைத் தெரியாத வீடு கிடையாது. வளைகாப்பு வீட்டுப் பாலிலும், விருந்துப் பாயசத்திலும் அதற்கு இடம் உண்டு. காஷ்மீரத்தில் பாம்பூர் என்ற ஊர் அதற்குப் பெயர் போனது. ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழைகள்தான் இருக்கும். ஒரு கிராம் குங்குமப்பூ சேர்க்க ஏறக்குறைய 150 பூக்களைப் பறிக்க வேண்டும்!

இந்தச் செடியைச் சோமனூரில் வளர்க்கலாமா?

வீட்டு வாசலில் வளராது. அதற்குக் கடுங்குளிர் வேண்டும். சோமனூரில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

ஆனால், குங்குமப்பூவுக்குச் சொந்தம் ஒன்று உண்டு. அதன் பெயர் கிளாடியோலஸ். இரண்டும் ஐரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கல்யாண வரவேற்பு மேடையில், நீண்ட தண்டில் வரிசையாகப் பூத்து நிற்குமே, அதுதான்!

வாள் போன்ற இலை

'கிளாடியஸ்' என்றால் லத்தீன் மொழியில் வாள் என்று பொருள். இலை வாள் போல் இருப்பதால் இந்தப் பெயர் வந்தது. இதன் இனங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் கொடைக்கானலும் நீலகிரியும் இதற்கு ஏற்ற இடங்கள். சமவெளியிலும் பனிக்காலத்தில் வளரும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆர்த்தி, அப்சரா, பூனம் போன்ற ரகங்களை உருவாக்கி இருக்கிறது.

எப்படி நடுவது?

இதை விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்குதான் நட வேண்டும். சோமனூர்ப் பக்கம் ஐப்பசிக் கடைசியில் நட்டால், தை, மாசியில் பூ வரும்.

தோட்டம் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு அடி அகலமுள்ள தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்ப வேண்டும். ஒரு தொட்டியில் மூன்று கிழங்குகளை நாலு விரற்கடை ஆழத்தில் நடலாம். ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும்.

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால் தொட்டியின் அடியில் துளை அவசியம். உப்புத் தண்ணீர் இந்தச் செடிக்கு ஆகாது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருந்தால், குடிக்கும் தண்ணீரையோ மழை நீரையோ ஊற்றுவது நல்லது. மூன்று இலை விட்டதும் உள்ளே பூந்தண்டு உருவாகத் தொடங்கும். அப்போது தண்ணீர் விட மறக்கக் கூடாது. தண்டு உயர்ந்ததும் ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டும்.

அடி மொட்டில் நிறம் தெரிந்ததும் தண்டை அறுக்கலாம். தண்ணீர் உள்ள சாடியில் வைத்தால், மற்ற மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும்.

பலர் செய்யும் தவறு

பூ முடிந்ததும், "இனி இதில் என்ன இருக்கிறது?" என்று செடியைப் பிடுங்கி எறிகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் காசு கொடுத்துக் கிழங்கு வாங்குகிறார்கள்.

மண்ணுக்குள் நடப்பது என்ன தெரியுமா? நட்ட கிழங்கு சுருங்கி விடும். அதன் தலைமேல் புதிய கிழங்கு ஒன்று உருவாகும். சுற்றிலும் குட்டிக் கிழங்குகள் பிறக்கும். பூ முடிந்த பிறகு, இலைகள் தயாரிக்கும் உணவு முழுவதும் இந்தப் புதுக் கிழங்குக்குத்தான் போகும். இலையை வெட்டினால் கிழங்கு பட்டினி கிடக்கும். பட்டினி கிடந்த கிழங்கு எப்படிப் பூக்கும்?

ஆகவே, பூந்தண்டை அறுக்கும்போது நாலு இலையாவது செடியில் நிற்க வேண்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் வரை தண்ணீர் விட்டு வர வேண்டும். இலை மஞ்சளாகிக் காயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கிழங்கைத் தோண்டி எடுக்கலாம்.

வெங்காயம் போல

கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காக்கத் தெரியும். காற்றோட்டம் இருந்தால் அழுகாது என்பதுதான் அதன் சூட்சுமம். இதற்கும் அதே முறைதான். கிழங்கை நிழலில் இரண்டு வாரம் உலர்த்தி, பழைய வாடிய கிழங்கைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். அழுகலும் பூசணமும் கண்டவற்றை நீக்கிவிட வேண்டும்.

எடுத்தவுடன் நட்டால் கிழங்கு முளைக்காது. அதற்கு உறக்கக் காலம் உண்டு. குளிர்ச்சி பட்டால் அந்த உறக்கம் கலையும். துணிப்பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் அடித்தட்டில் மூன்று மாதம் வைக்கலாம். பனிக்கட்டி உறையும் மேல்தட்டில் வைக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை! இது பார்ப்பதற்கு வெங்காயம் போலவே இருக்கும். சாப்பிடக் கூடாது. பையின் மேல் பெயர் எழுதி வைப்பது நல்லது. குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

நடுவதற்கு முன், லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டாசிம் கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் அழுகல் நோய் குறையும். இந்த வேலையைக் கையுறை போட்டுப் பெரியவர்களே செய்ய வேண்டும்.

குட்டிக் கிழங்குகள் உடனே பூக்காது. இரண்டு பருவம் வளர்ந்து பருத்த பிறகே பூக்கும். பொறுமை இருந்தால், ஒரு முறை வாங்கிய கிழங்கே வீட்டில் பெருகி வரும். அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கலாம்!