விருப்பமும் கட்டாயமும்

மாத்தளை மாவட்டத்தின் தோட்டப் பாடசாலையொன்றில் பயின்ற இருவர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடத்தில் சித்தியெய்தவில்லை என வைத்துக்கொள்வோம். ஒருவர் வருந்துகிறார்; பின்னர் மீண்டும் தோற்ற ஆயத்தமாகிறார். மற்றவரோ, இனி வாழ்வே இல்லையென முடங்கிவிடுகிறார். நிகழ்வு ஒன்றே, விளைவு ஏன் வேறுபட்டது?

அமெரிக்க உளவியலாளர் அல்பேர்ட் எல்லிஸ் (1913–2007) இதற்கு விளக்கமளித்தார். 1955இல் அவர் தொடக்கிய முறை இன்று 'பகுத்தறிவு உணர்வெழுச்சி நடத்தைச் சிகிச்சை' எனப்படுகிறது. நிகழ்வு மட்டுமன்று, அதைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணமே நம்மைப் பெரிதும் வாட்டுகிறது என்பது அதன் அடிப்படை.

மூன்று கட்டாயங்களை அவர் சுட்டினார்: நான் வென்றே ஆகவேண்டும், பிறர் என்னை நன்கு நடத்தியே ஆகவேண்டும், வாழ்வு இலகுவாக இருந்தே ஆகவேண்டும். 'இதற்குச் சான்று என்ன? இவ்வெண்ணம் எனக்கு உதவுகிறதா?' என வினவுவதே மருந்து. 'சித்தியெய்த விரும்பினேன், தவறியது வருத்தமே, ஆயினும் நான் பயனற்றவன் அல்லன்' என்று எண்ணம் மாறும்போது, வருத்தம் எஞ்சினாலும் முடக்கம் நீங்கும்.

எல்லிஸ் கடவுள் நம்பிக்கையற்றவர். எனினும், இறைவிசுவாசிகளுக்கும் இம்முறை பயன்படும் என 2000ஆம் ஆண்டில் எழுதினார். கெத்சமனியில் நம் ஆண்டவரும் துன்பக் கிண்ணம் அகல விரும்பினார், கட்டாயப்படுத்தவில்லை.

பெற்றோரே, பெறுபேறு வெளியாகும் நாளில் பிள்ளையின் புள்ளிகளை மதிப்பிடுங்கள். பிள்ளையின் பெறுமதியை அவற்றால் அளக்காதீர்கள். துயரம் நீடித்தால், தாமதியாது உளவளத்துணையாளரை நாடுங்கள்.