எல்லா கேமும் ஓடுமாண்ணே? லினக்ஸில் விளையாட்டு: ஒரு குறிப்பு

அரசு இலவச லேப்டாப் கொடுத்த காலத்தில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு லேப்டாப்பில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதைப் பத்து நாள்கூட யாரும் வைத்திருக்கவில்லை. "இதுல கேம் ஓடாது" என்ற ஒரு வரி போதும், அழித்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கேம் போட்டுவிடுவார்கள். கணினியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பையன்கள் எடுத்த முதல் பெரிய முடிவு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஒரு வரி இன்றைக்கும் உண்மையா? போன நவம்பரில் இதற்கு நான் தப்பான பதில் சொல்லி மாட்டிக்கொண்டேன். அதனால்தான் இந்தக் குறிப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் சித்தி மகனின் கணினி பழசு. ஆறாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டும் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். புது மெஷின் வாங்கக் காசில்லை. "லினக்ஸ் போட்டா என் கேம் எல்லாம் ஓடுமாண்ணே?" என்று கேட்டான். "எல்லாம் ஓடும்டா, இப்ப புரோட்டான் இருக்குல்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

எப்படி ஓடுகிறது?

விண்டோஸ் கேமும் லினக்ஸும் ஒரே பிராசசரில்தான் ஓடுகின்றன. கேமுக்குள் இருக்கும் கணக்குகளை பிராசசர் நேரடியாகவே செய்துவிடும். கேம் விண்டோஸிடம் உதவி கேட்கும் இடத்தில்தான் சிக்கல் வரும். "இந்தக் கோப்பைத் திற", "இந்தப் படத்தை வரை" என்று அது விண்டோஸ் பாஷையில் கேட்கும். லினக்ஸுக்கு அது புரியாது.

ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. பாட்டி தெலுங்கில் கேட்டதைப் பேரன் கடையில் தமிழில் சொல்லி வாங்கி வருகிறான். பருப்பு அதே பருப்புதான், கேட்ட பாஷைதான் மாறியது. 1993-இல் தொடங்கிய வைன் செய்வது இந்தப் பேரன் வேலைதான். அது எமுலேட்டர் இல்லை. விண்டோஸ் கணினி ஒன்றை உள்ளே கட்டி ஓட்டுவதில்லை, அழைப்புகளை மட்டும் மாற்றித் தருகிறது.

ரொம்ப நாள் இடித்தது கிராபிக்ஸ்தான். பெரும்பாலான கேம்கள் டைரக்ட்3டி மூலம் படம் வரைகின்றன. லினக்ஸில் இருப்பது ஓப்பன்ஜிஎல், 2016-க்குப் பிறகு வல்கன். நியர்: ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் விளையாட ஆசைப்பட்ட பிலிப் ரெபோல் என்ற புரோகிராமர், டைரக்ட்3டி 11-ஐ வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே-யை எழுதத் தொடங்கினார். வால்வ் நிறுவனம் வைனையும் இதையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்று ஸ்டீமுக்குள்ளேயே வைத்துவிட்டது. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் இதன் மேல்தான் நிற்கிறது. ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான், ஆனால் கேம் கம்பெனிகள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

தம்பி கணினியில் நடந்தது

லினக்ஸ் மின்ட் போட்டோம். என்விடியா டிரைவரை அதன் டிரைவர் மேனேஜரே காட்டிவிட்டது. ஒன்று கவனிக்கணும்: 10-ஆம் வரிசை கார்டுகளுக்கு என்விடியாவின் 580 டிரைவர் கிளைதான் கடைசி. அதற்குப் பிந்தையதைப் போட்டால் கார்டு வேலை செய்யாது.

கேம் எல்லாம் டி டிரைவில், என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருந்தது. அங்கிருந்தே ஓட்டலாம் என்று பார்த்தோம், ஒன்று திறந்தது, இரண்டு திறக்கவில்லை. புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்களும் இணைப்புகளும் என்டிஎஃப்எஸ்ஸில் ஒத்துவராது. எக்ஸ்ட்4 வடிவ டிரைவில் ஸ்டீமின் 'காமன்' ஃபோல்டருக்குள் கேம்களை நகலெடுத்து, ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுத்தோம். இருக்கிற கோப்புகளைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் அது இறக்கிக்கொண்டது. மொபைல் டேட்டாவில் 60 ஜிபி இறக்குகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

விட்சர் 3 ஓடியது. ஜிடிஏ 5 கதைப் பகுதி ஓடியது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோச்சு.

அப்புறம் அவன் தினமும் ராத்திரி ஆடும் துப்பாக்கிச் சூட்டு கேம். அது திறக்கவே இல்லை.

ஏன் திறக்கவில்லை?

காரணம் ஆன்டி-சீட், அதாவது ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள். சில வகை ஆன்டி-சீட் கேமைப் பார்ப்பதோடு நிற்காமல் கெர்னலுக்குள் போய் உட்காரும். கேட்டில் நிற்க வேண்டிய வாட்ச்மேன் பீரோ சாவியையும் கேட்கிற மாதிரி. வேலரன்டின் வேன்கார்ட் அப்படித்தான். விண்டோஸ் கெர்னல் டிரைவராக எழுதியதை வைன் மொழிபெயர்க்க முடியாது, ஏனென்றால் வைன் இருப்பது கெர்னலுக்கு வெளியே.

இன்னொரு வகையில் தொழில்நுட்பத் தடை கிடையாது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 முதல் புரோட்டானுக்கு வழி வைத்திருக்கின்றன. அதைத் திறந்துவிடுவது கேம் கம்பெனியின் விருப்பம். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தபோது லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றார்கள். ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது, அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் லினக்ஸை நிறுத்தியது. இன்று ஓடுவது நாளைக்கும் ஓடும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

"வேற கேம் ஆடுடா" என்றேன். அவன் கோபப்படவில்லை. "அதுல அவனுங்க இல்லையேண்ணே" என்றான். பள்ளியில் ஒன்றாகப் படித்த நாலு பேர். இரண்டு பேர் திருப்பூரில், ஒருவன் கோயம்புத்தூரில், ஒருவன் சென்னையில். ராத்திரி பத்து மணிக்கு அந்த கேமில்தான் சந்திக்கிறார்கள். ஊர்க்கதை, சம்பளக் கதை, கல்யாணப் பேச்சு எல்லாம் அங்கேதான். நான் மென்பொருளை மட்டும் பார்த்து "எல்லாம் ஓடும்" என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் பழைய எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸ் 10-ஐ அந்த ஒரு கேமுக்காக மட்டும் வைத்தோம். நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். வங்கி, மெயில், வேலை விண்ணப்பம் எல்லாம் மின்டில். இது முழுத் தீர்வு இல்லை, ஒரு வருஷ அவகாசம்.

நீங்கள் மாறப் போகிறீர்கள் என்றால்

முதலில் நீங்கள் ஆடும் கேம்களைத் தாளில் எழுதுங்கள். யாரோடு ஆடுகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தனியாக ஆடுவதற்கு புரோட்டான்டிபி தளத்தில் பாருங்கள். பயனர்களே தரம் போட்டிருப்பார்கள். ஆன்லைன் கேம் என்றால் 'ஆர் வீ ஆன்டி-சீட் யெட்' தளத்தையும் பார்க்கணும். எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் இருக்கிறது. பென்டிரைவில் மின்ட் போட்டு, எதையும் அழிக்காமல் வைஃபையும் சத்தமும் வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் டிரைவில் கை வையுங்கள்.

"இதுல கேம் ஓடாது" என்பது இப்போது பொய். "எல்லாம் ஓடும்" என்பதும் பொய்தான், அதைச் சொன்னவன் நான். இனி யாராவது கேட்டால், "எந்த கேம், யார்கூட?" என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வதாக இருக்கிறேன்.